அசையப்போவது எது

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையின் விடுதியில் இருந்தபோது, எங்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே பொழுதுபோக்கு பொம்மைப்படம். சினிமா பார்த்தால் பெண்பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், சீரியல் பார்த்தால் அழுத முகத்தோடு வேலைக்கு வருவார்கள் என்பது வார்டனின் எண்ணம். "பொம்மப்படத்துல கெட்டுப்போக என்ன இருக்கு" என்று டிவியில் பென்டிரைவைச் செருகிவிட்டுப் போவார். எல்லாம் அந்தக் காலத்து வெளிநாட்டுப் படங்கள். தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் காட்டக் கையால் வரைந்தவை. நரி துரத்தும், கோழி ஓடும். கல்யாண வயதில் இருந்த நாங்கள் தரையில் சம்மணம் போட்டு அதைப் பார்ப்போம். எனக்கு அவமானமாக இருந்தது.

வேறு போக்கிடம் இல்லாததால் உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். நரி எவ்வளவு ஓடினாலும் பின்னால் அதே மரமும் அதே வேலியும்தான் திரும்பத் திரும்ப வந்தன. "நம்ம மிசின்ல நடக்குற மாதிரியே இருக்குடி" என்றாள் பக்கத்துப் படுக்கைக்காரி. ஷிப்டு முழுக்க அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே நடந்தாலும் நாங்களும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தோம்.

அப்புறம் இன்னொன்று கண்ணில் பட்டது. படத்தில் வரும் சுவரின் அத்தனை செங்கற்களுக்குள்ளும் ஒன்று மட்டும் நிறம் மாறி, மொழுக்கென்று இருக்கும். சற்று நேரத்தில் அதுதான் கழன்று நரியின் தலையில் விழும். பின்னணியைக் காகிதத்தில் தீட்டுவார்களாம். அசைய வேண்டியதைக் கண்ணாடி போன்ற தாளில் தனியாக வரைந்து, மேலே வைத்துப் படம் பிடிப்பார்களாம். இரண்டு நிறமும் எப்படியும் சேராது. இது பின்னாளில் தெரிந்துகொண்டது. அன்று எங்களுக்கு அது விளையாட்டு. "எதுடி அசையப்போகுது?" என்பார்கள். நான் சொன்னால் தப்பாது.

விடுதியையும் நான் அப்படியே பார்க்கத் தொடங்கினேன். சுவர், மதில், இரும்பு கேட், எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அப்பாவோ அண்ணனோ நேரில் வந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். எனக்கு அண்ணன் கிடையாது. ஞாயிறுதோறும் வார்டனின் போனில், வார்டன் காதுபடவே, "தனியா இருக்க முடியலப்பா, வந்து கூட்டிட்டுப் போ" என்று அழுவேன். "செத்த பொறு தாயி, வாரேன்" என்பார் அப்பா. எனக்கு மூச்சு முட்டியது. பஞ்சுத் தூசியின்மேல் மட்டும் பழி போட முடியாது.

ஒரு ஞாயிறன்று ஜன்னலில் நின்ற பக்கத்துப் படுக்கைக்காரி, "அடியே, உங்கப்பா" என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். சாம்பல் கேட்டுக்கு முன்னால் பளிச்சென்று ஒரு மஞ்சள் சட்டை. "அசையப்போகுதுடி" என்று என் தோளைக் குலுக்கினாள். நான் அதற்குள் துணிமணிகளைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கீழே இறங்கியபோது கேட் திறந்திருந்தது. அப்பாவுக்குப் பின்னால் என் தங்கை நின்றாள். அப்போதுதான் பன்னிரண்டாவது எழுதி முடித்தவள். அவள் கையிலும் ஒரு பை.

அப்பா என் பையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தனியா இருக்கேன்னு அழுதியே தாயி. அதான் இவளையும் கொண்டாந்தேன்" என்றார்.

அந்தக் கோபம் எனக்கு இன்றும் தீரவில்லை. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

"இங்க டிவி இருக்காக்கா?"

"இருக்கு. பொம்மப்படம் போடுவாங்க" என்றேன்.