வரிசையில் நின்ற கற்கள்

உடைந்த பல்லின் முனையில் நாக்கு பட்டால் துருப்பிடித்த சாவியைச் சப்பியதுபோல ஒரு ருசி ஊறும். பல் மருத்துவர் அதற்கு மூடி போட்டுப் பல வருடங்கள் ஆகியும், கப்பலின் டீசல் புகை மூக்கில் ஏறினால் போதும், அந்த ருசி சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்துவிடுகிறது. அந்தமானில், போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டி என்ற கப்பல் துறையில், பத்தாம் வகுப்புச் சீருடையில், பட்டப்பகலில், இருநூறு பேர் பார்க்க நான் ரத்தம் துப்பிய நாளின் ருசி அது. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தலைமைப் பண்பும் வியாபாரமும் கணினியும் சொல்லித்தரக் கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து ஆள் வந்த வருடத்தில்தான் இது நடந்தது என்றால், கேட்பவர்கள் நான் ஏதோ கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

அதுவரை நாங்கள் முறையாகக் கற்றிருந்தது அடி வாங்குவதும் அடி கொடுப்பதும்தான். போர்ட் பிளேரின் டாலிகஞ்சில் எங்கள் சந்தில் யாருக்காவது கோபம் வந்தால் முதலில் கை பேசும், வாய் அப்புறம் வந்து சேர்ந்துகொள்ளும். என் அப்பா கப்பலில் கயிறு இழுத்துக் கட்டும் கலாசி. கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன அந்தக் கை கன்னத்தில் விழுந்தால் காதுக்குள் கப்பல் ஊதுவது கேட்கும். பள்ளியில் கணக்கு டீச்சரின் பிரம்புக்கு நாங்கள் ஒரு பெயரே வைத்திருந்தோம், அதை இங்கே எழுத முடியாது. நான் மட்டும் பெரிய சாது என்று நினைத்துவிட வேண்டாம். என் பென்சில் பெட்டியைத் தொட்டவனின் முழங்கையில் காம்பஸ் முள்ளை ஏற்றியவள் நான்.

பக்கத்து வீட்டுத் தேவகி எனக்கு நேர் எதிர். அவளுடைய சனம் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு, தெற்கே காட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். நல்ல படிப்பு வேண்டும் என்று அவள் அம்மா அவளை டாலிகஞ்சில் இருந்த தன் தம்பி வீட்டில் விட்டிருந்தாள். அந்த மாமா சின்னச் சின்னக் கட்டட வேலைகள் எடுத்துச் செய்யும் கான்ட்ராக்டர். சாந்துக்குத் தண்ணீர் அடிக்கும் ஹோஸ் பைப்பில் ஒரு முழம் வெட்டிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருப்பார், அது தேவகிக்கென்றே. அந்தப் பைப் காற்றைக் கிழிக்கும் சத்தம் சுவரைத் தாண்டி எங்களுக்குக் கேட்கும், அவள் அழும் சத்தம் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. ஏன்டி என்று கேட்டதற்கு, "அழுதா அவருக்கு ருசி கண்டுரும் மலரு" என்றாள். எனக்கு அன்றைக்கு அவள்மேல் வந்த கோபத்தில் அவளையே ஒரு அறை விடலாம்போல இருந்தது.

இந்த லட்சணத்தில்தான் சனிக்கிழமை தோறும் 'ஸ்கில் சார்' வந்தார். சென்னைப் பையன், இஸ்திரி கலையாத சட்டை, பேச்சுக்குப் பேச்சு 'டீம்', 'லீடர்', 'கஸ்டமர்'. நல்லவர்தான், எங்களை ஒருமுறைகூடக் கைநீட்டி அடிக்காத முதல் வாத்தியார் என்பதால் ஆரம்பத்தில் எங்களுக்கு அவர்மேல் மரியாதையே வரவில்லை. ஊரில் மக்கள் படும் ஒரு தொல்லையைக் கண்டுபிடித்து, அதைத் தீர்க்க ஒரு வழி செய்து, கணினியையும் பயன்படுத்திக் காட்ட வேண்டும் என்றும், ஜெயிக்கும் டீமைச் சென்னைக்கு அழைத்துப்போவதாகவும் சொன்னார். எங்களுக்கெல்லாம் அது ஓசியில் ஒரு கப்பல் பயணம். தேவகிக்கு அப்படியில்லை. காட்சாலில் தன் மனைவியின் தம்பிக்கு அவளைக் கட்டிவைப்பது என்று மாமா அதற்குள் முடிவே செய்துவிட்டார். அவள் காலில் விழாத குறையாகக் கேட்டபோது, "சென்னைக்குப் போற அளவுக்கு ஜெயிச்சிட்டு வா, பன்னெண்டு வரைக்கும் படிக்க வைக்கிறேன். இல்லேன்னா பரீட்சை கிரீட்சைன்னு நிக்காம அடுத்த கப்பல்ல கெளம்பு" என்று ஒரு வார்த்தை விட்டார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எங்கள் டீமுக்கு லீடர் ஆனாள்.

தொல்லையைத் தேடி நாங்கள் அலையவே இல்லை, அது ஜெட்டியிலேயே கிடந்தது. காட்சால் போன்ற தெற்குத் தீவுகளுக்குக் கப்பல் எப்போதாவதுதான் போகும். டிக்கெட் கவுன்டர் திறப்பதற்கு முந்தின நாளே வரிசை கட்டிவிடும். ஆனால் வரிசையில் ஆள் நிற்காது, கல் நிற்கும். ஒருவர் செங்கல் துண்டு வைப்பார், ஒருவர் பவளப்பாறைச் சில்லு, ஒருவர் அறுந்த செருப்பு. வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இதற்கு 'பத்தர் லைன்' என்று பெயர், இந்தியில் பத்தர் என்றால் கல். பெங்காலியோ தெலுங்கரோ மலையாளியோ, அந்தக் கல்லை யாரும் தொடமாட்டார்கள், அது ஆளுக்குச் சமம். சேகர் என்று ஒரு முரடன் மட்டும் சாக்கில் கல் கொண்டுவந்து முன்னால் அடுக்கி, அந்த இடங்களை ஊர் தெரியாதவர்களுக்கு விற்பான். தட்டிக் கேட்டவர்களில் இரண்டொருவர் கட்டுப் போட்ட தலையோடு கப்பல் ஏறியிருக்கிறார்கள்.

தேவகி போட்ட திட்டம் கேட்க அழகாக இருந்தது. கடற்கரையில் உருண்டையான வெள்ளைக் கற்களாகப் பொறுக்கிக் கழுவி, அப்பா கொண்டுவந்த கப்பல் பெயின்ட்டில் சிவப்பாக நம்பர் எழுதினோம். வருகிறவருக்கு ஒரு கல், அவர் பெயரும் போன் நம்பரும் பள்ளிக் கணினியில் ஏறிவிடும், முறை நெருங்கும்போது போனுக்கு ஒரு மெசேஜ் போகும். முதல் இரண்டு கப்பல்களுக்கு அது அவ்வளவு ஒழுங்காக நடந்தது. "அரே வாஹ், பச்சா லோக்" என்று பெரியவர்கள் முதுகில் தட்டினார்கள், சார் போட்டோ போட்டோவாக எடுத்துத் தள்ளினார், தேவகி சிரித்து நான் பார்த்த நாட்கள் அவைதான். சேகரின் சாக்குக்கு வரிசையில் இடமில்லாமல் போயிற்று.

அவன் எங்களை அடிக்க வரவில்லை. கடைக்குப் போய் ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட் வாங்கினான், அவ்வளவுதான். பழைய வரிசையில் யார் கல் எது என்று எல்லாருக்கும் அடையாளம் தெரியும், போலிக் கல் என்று ஒன்று இருக்கவே முடியாது. நாங்களோ எல்லாக் கல்லையும் ஒன்றுபோல ஆக்கிவைத்திருந்தோம். ஒன்றுபோல இருப்பதை எவனும் இன்னொன்று செய்துகொள்ளலாம் என்பது எங்களுக்கும் தோன்றவில்லை, சொல்லித்தர வந்தவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது கப்பலுக்குக் கவுன்டர் திறந்தபோது ஏழாம் நம்பர் கல்லோடு இரண்டு பேர் நின்றார்கள். பிறகு எட்டாம் நம்பரில் இரண்டு பேர், ஒன்பதில் மூன்று பேர். ஒரு பெங்காலி அண்ணன் கையிலிருந்த கல்லைத் தெலுங்கு மீன்காரர் பிடுங்க, பிடுங்கிய கையை அண்ணன் முறுக்க, பின்னாலிருந்து யாரோ தள்ள, கண்மூடித் திறப்பதற்குள் அடிதடி. கல் கொண்டுவந்தவன் கையில் எல்லாம் கல் இருந்தது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மண்டை உடையும் சத்தம் தேங்காய் உடைக்கும் சத்தம் மாதிரியே இருக்கும், அதை நான் அன்றுதான் கேட்டேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் டிக்கெட் ஜன்னல் கம்பியில் நசுங்கிக் கத்தினாள். சார் போனைக் கையில் பிடித்தபடி "ப்ளீஸ், ப்ளீஸ்" என்று சொல்லிக்கொண்டே பின்வாங்கினார்.

தேவகி பெஞ்சின்மேல் ஏறினாள். வகுப்பில் சொல்லித்தந்தது போலவே, குரலை உயர்த்தாமல், எல்லாரும் அமைதியாக இருங்கள், கணினியில் பெயர் இருக்கிறது, படிக்கிறேன் என்றாள். "ஏ லட்கி, ஜாஸ்தி பேசாத, எறங்குடி" என்று சேகர் அவள் சடையைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டான். நான் பாய்ந்து அவன் தோளைக் கடித்தேன். அவன் முழங்கை என் வாயில் இறங்கியது. பல் ஒன்று உடைந்து நாக்கில் உருண்டது. என் தலைமுடியைப் பிடித்துத் தரையில் மோதப்போன அவன் கையின்மேல், எழுந்துவந்த தேவகி ஒன்றாம் நம்பர் கல்லை இரண்டு கையாலும் ஓங்கிப் போட்டாள். விரல்கள் முறிந்தன. அவள் அதோடு விடவில்லை, திரும்பவும் ஓங்கினாள். கப்பல் ஆட்கள் ஓடிவந்து பிடித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அத்தனை வருடம் அந்தப் பைப்புக்கு அழாமல் வைத்திருந்தது எல்லாம் அவள் கையில் அன்று இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, வன்முறையில் ஈடுபட்டதால் எங்கள் டீம் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது என்று சார் தலைகுனிந்து படித்தார். தேங்காய் ஓட்டில் போன் ஸ்டாண்டு செய்தவர்கள் சென்னை போனார்கள். "அடிக்க வந்தா லீடர் என்ன சார் செய்யணும்?" என்று தேவகி எழுந்து கேட்டாள். ஓரடி பின்னால் நகர்ந்துவிட வேண்டும் என்றார் அவர். "ஜெட்டியில பின்னால கடல்தான சார் இருக்கு" என்றாள் அவள். அவர் சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார், எனக்கு அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

அன்று மாலை சுவருக்கு அந்தப் பக்கம் பைப் வீசும் சத்தம் நெடுநேரம் கேட்டது. பரீட்சைக்கு முன்னால் இருந்த கடைசிக் கப்பலில் அவளை ஏற்றிவிட மாமா முடிவு செய்தார். ஜெட்டியில் எங்கள் நம்பர் கற்களையெல்லாம் கடலில் கொட்டிவிட்டார்கள், பழைய 'பத்தர் லைன்' திரும்பியிருந்தது. கவுன்டர் திறக்கும் நாள் விடியற்காலையில், அப்பாவுக்கு டிபன் கொண்டுபோகும் சாக்கில் நான் அங்கே போனேன். வாய் இன்னும் வீங்கித்தான் இருந்தது. வரிசையின் முன்பக்கத்திலேயே நீல நிற மொசைக் டைல் துண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. டாலிகஞ்சில் பாதி வீட்டுக் குளியலறையில் தேவகியின் மாமா பதித்த டைல், அதைவிடப் பெரிய கையெழுத்து வேண்டாம். அந்த ஜெட்டியில் ஒருவரும் தொடாததை நான் எடுத்தேன், என் பலமெல்லாம் சேர்த்துக் கடலில் எறிந்தேன். இன்றுவரை நான் செய்த காரியங்களில் எனக்குப் பிடித்த காரியம் அது. தேவகியிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

கவுன்டர் திறந்ததும் மாமா தன் இடத்தைத் தேடி வரிசைக்குள் நுழைந்தார். கையில் மாவுக்கட்டோடு நின்ற சேகரே அவரைத் தடுத்தான். "பத்தர் நஹி தோ லைன் நஹி", கல் இல்லையென்றால் வரிசையும் இல்லை என்று இடது கையால் நெஞ்சில் ஒரு குத்து விட்டான், இவர் திருப்பி விட்டார், இரண்டு பேரும் மீன் கூடைகளுக்கு நடுவே கட்டிப்புரண்டார்கள். நான் அப்பாவின் டிபன் டப்பாவைப் பிடித்துக்கொண்டு அதை ரசித்துப் பார்த்தேன். டிக்கெட் தீர்ந்துபோயிற்று. அடுத்த கப்பல் பழுது பார்க்கப் போய்விட, அது திரும்பி வருவதற்குள் பரீட்சையும் முடிந்து மதிப்பெண்ணும் வந்துவிட்டது. முதுகு சாய்க்க முடியாமல் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து எழுதிய அந்தப் பரீட்சையில் தேவகி பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். அந்த மதிப்பெண்ணுக்கு அரசு விடுதியில் இடம் கிடைத்தது, அவள் அம்மாவே காட்சாலிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டாள், மாமாவின் பைப் ஆணியிலேயே தொங்கியது.

நான் இப்போது வடக்கே மாயாபந்தரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஃபீனிக்ஸ் பே பக்கம் போனால் டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் தரை சுத்தமாக இருக்கிறது. கப்பல் டிக்கெட்டெல்லாம் போனிலேயே எடுத்துவிடலாம். கல் இல்லை, செருப்பு இல்லை, சேகர் இல்லை, மண்டையும் உடைவதில்லை. இதற்காக நான் வருத்தப்படுவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

தேவகி தெற்கே ஒரு தீவுப் பள்ளியில் கணினி வகுப்பு எடுக்கிறாள். போன மாதம் கூப்பிட்டாள். அவள் வகுப்பில் கெட்டிக்காரியான ஒரு பெண், பரீட்சைக்கு முன்னால் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாளாம். விசாரித்தால், சித்தப்பா போனில் டிக்கெட் எடுத்து அவளைக் கல்யாணம் பண்ணிக் கொடுக்க மெயின்லேண்டுக்கு அனுப்பிவிட்டார். சத்தமில்லை, சண்டையில்லை, பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. போனில் டிக்கெட் எடுப்பது எப்படி என்று அந்தச் சித்தப்பாவுக்குச் சொல்லித்தந்தது அந்தப் பெண்தான். வகுப்பில் படித்ததை வீட்டில் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வாருங்கள் என்று தேவகிதான் வீட்டுப்பாடம் கொடுத்திருந்தாள்.

அத்தனை அடிக்கும் அழாதவள் போனில் அழுதாள். என் நாக்கு தானாக அந்தப் பல்லைத் தேடிப் போயிற்று.

"நமக்காச்சும் ஒரு கல்லு இருந்துச்சு மலரு" என்றாள். "நான் இப்ப எதைத் தூக்கிக் கடல்ல போட?"