செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு போன அக்கா

போன மாரியில், பரந்தனில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

பக்கத்து வளவில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி வாடகைக்கு இருந்தார்கள். கிறிஸ்தவ சபை ஊழியத்துக்காக வந்தவர்கள். நாங்கள் சைவம். ஆனாலும் அந்த அக்கா பின்னேரங்களில் எங்கள் குசினியில்தான் இருப்பார். ரொட்டி தட்டுவார், தமிழ் பழகுவார். கோயிலில் படைத்தது எதையும் மட்டும் வாயில் வைக்கமாட்டார்.

ஒருநாள் "நான் போறன்" என்று எழும்பியவரை என் அண்ணா மறித்தான்.

"ஐயோ அக்கா, அப்பிடிச் சொல்லக் கூடாது. போயிட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டித் திரும்பி வரமாட்டியள்."

"வராட்டி நல்லம்தானே. தம்பிக்கு ரொட்டி கூடக் கிடைக்கும்."

அண்ணா விழுந்து விழுந்து சிரித்தான்.

கொஞ்ச நாளில், பளைக்கு மேசன் வேலைக்குப் போன அண்ணாவை வீதியில் லொறி அடித்துவிட்டது. காலையில் "அம்மா, போயிட்டு வாறன்" என்று சொல்லித்தான் மோட்டார்சைக்கிளை எடுத்தான்.

செத்தவீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. திரும்பி வருவேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருவேன் என்றாகிவிடுமோ என்று எங்கள் ஆட்களுக்குப் பயம். அக்காவுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்க, "அம்மா, போயிட்டு வாறன்" என்றார்.

அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"செத்தவீட்டில கதைக்கிற கதையே இது? மிஞ்சியிருக்கிறது ஒரு பிள்ளை!" என்று மாமி கத்தினார்.

அம்மா என்னை இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அக்கா ஒன்றும் விளங்காமல் முகம் சிவந்து நின்றார். எனக்குக் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. அண்ணா சொல்லிக் கொடுத்ததைத்தானே சொன்னார்?

அதற்குப் பிறகு அம்மா என்னைப் படலைக்கு வெளியே விடவில்லை, கடைக்குக்கூட. வீதியில் லொறிச் சத்தம் கேட்டால் என்னைக் கூப்பிட்டுப் பார்ப்பார். அக்காவும் வரவில்லை. யாரோ விசயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். வேலிக்கு அங்கால் நிற்பார், நான் பார்த்தால் உள்ளே போய்விடுவார்.

அண்ணா செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவன்று, அவனுக்குப் பிடித்த ரொட்டியும் சம்பலும் படைத்தோம். சொந்தக்காரர் எல்லாம் போன பிறகு, அம்மா அந்த ரொட்டியையே பார்த்துக்கொண்டு இருந்தார். திடீரென்று கேட்டார்.

"அந்தப் பிள்ளை ஏன் வரேல்லை?"

"நீங்கள்தானே அம்மா பயந்தனீங்கள்."

"ஓம், பயம்தான். ஆனா வாறன் எண்டு சொன்னவா எல்லே. போய்க் கூட்டிக்கொண்டு வா."

அன்றைக்குத்தான் நான் படலையைத் தாண்டினேன். கூப்பிட்டதும் அக்கா செருப்பும் போடாமல் ஓடி வந்தார். அம்மாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். ஜெபம் செய்யவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அம்மா படைத்த ரொட்டியைப் பிய்த்து அவர் கையில் வைத்தார். சாப்பிடமாட்டார் என்றுதான் நினைத்தேன். கொஞ்சநேரம் அதைப் பார்த்தார். பிறகு அழுதுகொண்டே சாப்பிட்டார். ஏன் சாப்பிட்டார் என்று நான் இன்னும் கேட்கவில்லை.

போகும்போது வாசலில் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார்.

"சொல்லிப்போட்டுப் போ, பிள்ளை," என்றார் அம்மா.

வாறன் என்று சொன்ன அண்ணா வரவில்லை. சொல்லக்கூடாத இடத்தில் சொன்ன அக்கா வந்தார். இதில் எதை நம்புவதென்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை, ஆனால் அம்மாவிடம் "போயிட்டு வாறன்" என்று சொல்லாமல் வாசலை விட்டு இறங்க எனக்குக் கால் வருவதில்லை.