தீவுக்குப் போகாதவளின் பயணம்

காலை ஒன்பதரை மணி, மயிலாப்பூர் குளத்து பஸ் ஸ்டாப். பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் விமான நிலையத்திலோ துறைமுகத்திலோ ஆரம்பிப்பார்கள். எனக்கு வாய்த்தது இந்த ஸ்டாப்தான். தீவுக்குப் போனவள் ரேவதி. தீவிலிருந்து வருகிறவருக்கு ஊர் சுற்றிக்காட்டுகிற வேலை என் தலையில்.

ரேவதியும் நானும் ஒரே தொண்டு நிறுவனத்தில் ஒரே மேசையைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள். போதை ஊசி போடுகிறவர்களோடும் எச்.ஐ.வி. உள்ளவர்களோடும் பேசுவது எங்கள் வேலை. போன வருஷம் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு இரண்டு பேரும் எழுதினோம். நான் அடையாற்றங்கரைப் பையன்களைப் பற்றி எழுதினேன். அவள், கப்பலில் மூன்று நாள் போய் அப்புறம் படகு பிடிக்க வேண்டிய ஒரு தீவைப் பற்றி எழுதினாள். பணம் அவளுக்குப் போனது. எனக்கு வந்த பதிலில், உங்கள் பகுதிக்குப் பேருந்து வசதி இருப்பதால் அதைத் தனித்துவிடப்பட்ட சமூகமாகக் கருத முடியாது என்று இருந்தது. வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது. கடற்கரையில் நின்று அவள் அனுப்புகிற படங்களுக்கு ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

"எங்க ஆராய்ச்சிக்குப் படகு ஓட்டுற அண்ணன்டீ. சேலை வாங்க வர்றாரு. பாவம், ஊர் தெரியாது, ஒரு நாள் கூட இரு" என்று முந்தின நாள் போனில் சொன்னாள். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

முருகேசன் அண்ணன் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், வெயிலில் காய்ந்த உடம்பு, தோளில் காலிப் பை. (இது அவருடைய நிஜப் பெயர் இல்லை, ரேவதி என்பதும் அப்படித்தான். இதையெல்லாம் எழுதலாமா என்று பின்னால் கேட்டபோது, "பேரையும் தீவையும் விட்டுடுங்க, மத்ததை எழுதுங்க" என்றார்.) 12பி-யில் ஏறினோம். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட சாலைகளில் வண்டி நகர்ந்து தி.நகர் சேர முக்கால் மணி நேரம் ஆனது. வழியெல்லாம் தீவைப் பற்றிக் கேட்டேன். அவர் ரேவதியைப் பற்றியே சொன்னார்.

"மேடத்துக்கு எங்க வீட்டு மீன் குழம்புன்னா உசுரு. புள்ளைங்கல்லாம் அத்தைன்னுதான் கூப்பிடுது."

அத்தையாம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தி.நகரில் எனக்கு வேலையே இல்லை. ஊர் தெரியாதவர் என்றாளே, மனுஷன் நேராக ஒரு கடைக்குள் நுழைந்து மூன்றாவது மாடிக்குப் போனார். விலை கேட்கவில்லை, கலர் பார்க்கவில்லை. மேலாக இருந்த நாலு சேலைகளை எடுத்து நீட்டினார். நாலையும் ஒரே பையில் போட்ட பெண்ணிடம், "தனித்தனிப் பையில குடும்மா. கடைப் பேரு பெருசா தெரியணும்" என்றார். புருஷன்மார்கள் சேலை எடுக்கிற அழகே இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு வடபழனிக்கு ஆட்டோ. இருநூறு கேட்ட டிரைவர் நூற்றைம்பதுக்கு இறங்கினார். அசோக் நகர் வழியாகச் சுற்றியபோது ஏனென்று கேட்டேன். "இன்னாக்கா செய்றது, அந்தாண்ட ரோட்டை அடைச்சு வச்சுகினு கீறான். நைனா வேற இத்தினி பை வச்சுகினு கீறாரு, நடந்தா போவ முடியும்?" என்றார். கோயிலில் அண்ணன் சாமி கும்பிட்டது ஒரு நிமிஷம். விபூதிப் பாக்கெட் மட்டும் கை நிறைய வாங்கினார்.

அடுத்து ஒரு ஸ்டிக்கர் கடை. அங்கே ரேவதியின் ஆராய்ச்சிக்கு வாங்கிய வண்டி தயாராகிக்கொண்டிருந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பு என்பது எனக்கு அன்றைக்கு இடப்பட்ட இரண்டாவது ஏவல். புது வேன், வெள்ளை வெளேர் என்று நின்றது. பக்கவாட்டில் ஆளுயரத்துக்கு எய்ட்ஸ் சின்னமான சிவப்பு ரிப்பன். கீழே, 'எச்.ஐ.வி. பரிசோதனை, உங்கள் வீட்டு வாசலிலேயே.' எங்கள் அலுவலகத்தில் இருப்பது சீட் கிழிந்த ஒரு ஸ்கூட்டி. அதற்குப் பெட்ரோல் காசு வாங்க நான் மூன்று பேரிடம் நிற்க வேண்டும். இவளுக்கு ஏசி வேன். அந்த ரிப்பனை நகத்தால் உரித்துவிடலாமா என்றுகூட இருந்தது.

அண்ணன் வேனை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இது எங்க ஊருக்கா வருது?"

"அடுத்த கப்பல்ல. வீட்டு வாசல்ல வந்து நிக்கும், நீங்க அலையவே வேணாம்."

அவர் பைகளைத் தூக்கிக்கொண்டார். பக்கத்து மெஸ்ஸில் எண்பது ரூபாய்ச் சாப்பாட்டில் ரசத்தோடு எழுந்துவிட்டார். அடையாறில் கொஞ்சம் வேலை இருக்கு, நீங்க வேணா வீட்டுக்குப் போங்க என்றார். ஒப்புக்கொண்ட வேலையைப் பாதியில் விட மனசில்லாமல் நானும் 5ஈ-யில் ஏறினேன்.

மூன்றரை மணி, அடையாறு. டிப்போவுக்கு முந்தின ஸ்டாப்பில் இறங்கி அவர் திரும்பிய சந்து எனக்கு மனப்பாடம். என் ஆட்களை எச்.ஐ.வி. மாத்திரைக்கு நான் கூட்டி வருகிற கிளினிக் அங்கேதான் இருக்கிறது. கேட்டுக்கு முன்னால் நின்று என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சுபோச்சுல்ல தங்கச்சி."

காம்பவுண்டு சுவரோரம் பைகளை இறக்கி வைத்துவிட்டுப் பேசினார். இடுப்பு வலிக்கு என்று படகில் நாலு பேர் ஒரே ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்ட காலம். அந்தப் பழக்கத்தை விட்டுப் பல வருஷம் ஆகிறது, வியாதி தங்கிவிட்டது. மாத்திரை தீவு ஆஸ்பத்திரியிலேயே வாங்கலாம். ஆனால் அங்கே டோக்கன் கொடுக்கிறவர் சகலை, ஊசி போடுகிற நர்ஸ் பக்கத்து வீடு. அதனால் கப்பல் ஏறி இங்கே வருகிறார். சென்னைக்குப் போனவன் கையில் துணிக்கடைப் பையும் கோயில் விபூதியும் இல்லாமல் இறங்கினால், படகுத்துறையில் நிற்கிறவர்கள் எதற்குப் போனாய் என்று துருவுவார்கள்.

"எனக்குச் சேலைப் பைத்தியம்னு ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும்" என்றார். "ஆனா அந்த வண்டி வரக்கூடாது தங்கச்சி. எங்க ஊர்ல ஒரே ரோடு. அது எந்த வாசல்ல நின்னாலும் அந்த வீடு முடிஞ்சுது. என் பொண்ணுக்கு இப்பத்தான் மாப்பிள்ளை பாக்குறோம்."

"ரேவதிகிட்ட நீங்களே சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"அவங்க எங்க வீட்ல சாப்பிடுறவங்க. நீங்க எங்க ஊருக்கு வரப்போறதில்ல. அதான் உங்ககிட்ட சொல்றேன். நான் சொன்னேன்னு மட்டும் காட்டிக்காதீங்க."

சுருக்கென்றது. மருந்து வாங்க அவர் உள்ளே போனார். நான் கேட்டில் நின்றேன். கெட்ட யோசனை வராமல் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வேன் போகும், ஒருத்தரும் கிட்டே வர மாட்டார்கள், ரேவதியின் ஆராய்ச்சி படுத்துவிடும், அடுத்த வருஷம் நிதி கேட்க மேசையில் நான் மட்டும் இருப்பேன். அந்தச் சந்தோஷத்தை ஒரு டீ குடிக்கிற நேரம் அனுபவித்தேன். பிறகு அவர் பெண்ணின் கல்யாணம் ஞாபகத்துக்கு வந்தது.

ஐந்து மணிக்கு அவரைத் துறைமுகத்துக்குப் போகிற ஆட்டோவில் ஏற்றிவிட்டு ரேவதியைக் கூப்பிட்டேன்.

"வேனை அனுப்பாதே. அனுப்பினாலும் ஸ்டிக்கரை உரிச்சிட்டு அனுப்பு. ஊருக்குள்ள விடாதே. படகுத்துறைகிட்ட நிறுத்தி சுகர், பிரஷர் எல்லாருக்கும் பாரு. இதையும் அதே வரிசையில பாரு. உன் தீவுக்காரங்க பயந்துகிட்டு சென்னைக்கு வந்து மருந்து வாங்குறாங்க."

"யாருடீ சொன்னது? முருகேசன் அண்ணனா?"

"அவரு எங்க சொன்னாரு? ஜவுளிக்கடையை விட்டு ஆளை நகர்த்தவே முடியல. எங்க கிளினிக்ல நாலு ஊர் ஆளும் வருவாங்க, காதுல விழாமலா போகும்?"

சேலைப் பைத்தியம் என்று அவளும் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"எட்டு மாசமா இவங்க வீட்லதான் சாப்பிடுறேன், இவங்க கூடத்தான் தூங்கி எழுந்திருக்கேன். என்கிட்ட ஒருத்தர் வாயைத் திறக்கல. மயிலாப்பூர்ல உட்கார்ந்திருக்கிற உன்கிட்ட மட்டும் எப்படிடீ சொல்றாங்க?"

அந்தக் குரல் எனக்கு நன்றாகப் பழக்கம். எட்டு மாதமாக என் தொண்டையில் இருந்த குரல். கேட்க இனிப்பாக இருந்தது, பொய் சொல்வானேன்.

நான் அங்கே வரவே போவதில்லை, அதனால்தான் சொன்னார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் இன்னொரு தடவை கேட்கட்டும் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.