அப்பா ஏறிய மேடை

மயிலாப்பூர் சபாவில் நேற்று ஒரு பழைய நகைச்சுவை நாடகம் பார்த்தேன். சந்தேகக்காரக் கணவன் கட்டிலுக்கு அடியில் குனிந்து ஆளைத் தேடியபோது, முன்வரிசை வரைக்கும் பவுடர் வாசனை வந்தது. நொச்சிக்குப்பத்தில் மாதா கோயில் திருவிழாவுக்குப் போடும் மேடை நினைவுக்கு வந்துவிட்டது.

பகலெல்லாம் மீன் விற்ற என் அம்மா, அந்த மேடையில் இதே மாதிரி ஒரு நாடகத்தில் மனைவியாக நடித்தாள். கணவனாக நடித்தவர் பக்கத்து வீட்டு மாமா. அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. ஒத்திகைக்கெல்லாம் கூடவே போய் முறைத்தபடி உட்கார்ந்திருப்பார்.

நாடகத்தன்று மாமாவுக்குக் கடும் காய்ச்சல். அவர் வசனம் முழுக்கத் தெரிந்த இன்னொரு ஆள் அப்பா மட்டும்தான். முகத்தில் பவுடரைப் பூசி மேடையேற்றிவிட்டார்கள்.

"யாராண்ட சிரிச்சிப் பேசிக்கினு இருந்தே?" என்று அப்பா நிஜமாகவே கத்தினார்.

நாடகத்தில் எழுதியிருந்த பதிலை அம்மா விட்டுவிட்டாள். "உன்னாண்ட சிரிச்சிப் பேசணும்னுதான் எனக்கும் ஆசையா கீது. நீ எங்கய்யா சிரிக்கிற?"

கூட்டம் ஆர்ப்பரித்தது. அப்பா அடுத்த வசனம் மறந்து நின்றார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவருடைய வசனத்தையும் தானே பேசி நாடகத்தை முடித்தாள்.

அடுத்த வருஷ ஒத்திகைக்கு அம்மா தனியாகப் போனாள். அப்பா வீட்டில் குழம்பு வைத்தார்.