பரீட்சைக்குப் போன தனக்கொடி

1936 டிசம்பரில் தனக்கொடிக்கு வயது இருபத்தாறு. புதுச்சேரியில் நடந்த மருத்துவப் பரீட்சைக்கு அவள் போனது அது நான்காவது முறை. எழுதப் படிக்கத் தெரியாதவள். அந்தப் பரீட்சையில் அவள் பதில் சொல்ல வேண்டியதில்லை, கேள்வியே அவள்தான்.

உறுவையாற்றில் கரும்பு பயிரிட்ட அரங்கநாதனின் மனைவி அவள். சிறுவயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் கிடந்தபோது இதயத்து வால்வு ஒன்று சுருங்கிப்போயிற்று. நெஞ்சில் குழாயை வைத்தால், வழக்கமான இரண்டு தட்டல்களுக்கு நடுவே மெல்லிய உருட்டல் ஒன்று கேட்கும். மூச்சிரைப்புக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனவளை அந்தச் சத்தத்துக்காகவே டாக்டர்கள் விடவில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் வாய்மொழித் தேர்வுக்கு வரச் சொன்னார்கள். வார்டில் தங்கி வேலை பழகும் இளம் டாக்டர்கள் அவளைச் சோதித்துவிட்டு, மூன்று பிரெஞ்சு டாக்டர்கள் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். அவளுக்கு ரயில் சீட்டு, பகல் சாப்பாடு, ஒரு புடவை.

தனக்கொடிக்கு அந்த நாள் பிடித்திருந்தது. யாருக்குக் கை நடுங்கியது, யாருக்கு வியர்த்தது என்று வீட்டில் மாமியாருக்கு நடித்துக் காட்டுவாள். ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியாது. அவர்கள் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள்? எல்லாம் பிரெஞ்சு. நோயாளி வாய் திறக்கவும் கூடாது.

அந்த வருடம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. முன்பு இரண்டு கர்ப்பங்கள் ஐந்தாம் மாதத்தில் கலைந்திருந்தன. இப்போது மூன்றாவது, மூன்று மாதம். கண் பட்டுவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. இந்த நெஞ்சு ஒரு பிள்ளையைச் சுமக்க விடுமா என்று யாரிடமாவது கேட்டுவிடும் எண்ணத்தோடுதான் ரயிலேறினாள்.

முதலில் வந்தவர்கள் எல்லோரும் குழாயை ஒரே இடத்தில் வைத்தார்கள். ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். உறுவையாற்று அம்மா வந்தால் இதுதான் பதில் என்று சீனியர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். அடுத்து வந்தவன் உதுமான், வில்லியனூர் மளிகைக்கடை அப்துல் கனியின் மகன். அவனும் அதே வாக்கியத்தை ஆரம்பித்தான். தலைமைத் தேர்வாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவள் இதயத்தில் என்ன இருக்கிறது என்று வாசல் காவல்காரனுக்கும் தெரியும். போன வருடத்துக்கும் இப்போதைக்கும் அவளிடம் என்ன மாறியிருக்கிறது? அதைச் சொல்."

உதுமான் போன வருடம் அவளைப் பார்த்ததே இல்லை. அவள் பக்கமே திரும்பினான்.

"அக்கா, போன வருசத்துக்கு இப்ப இன்னா மாறிப்போச்சு?"

"என்னையா கேக்குற? பேசக் கூடாதுன்னாங்களே."

"பேசுங்க, பரவாயில்ல."

"எங்க செவலப் பசு செத்துப்போச்சு."

பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உடம்புல கேக்குறேன் அக்கா."

தனக்கொடி மூன்று துரைகளையும் பார்த்தாள். "இவங்களுக்குத் தமிழ் புரியுமா?"

"புரியாது."

"முழுகாம இருக்கேன். மூணு மாசம். எங்க வூட்டுக்காரருக்கே இன்னும் தெரியாது."

உதுமான் காது சிவக்க அதைப் பிரெஞ்சில் சொன்னான். என்ன செய்யலாம் என்று தேர்வாளர் கேட்டார். புத்தகத்தில் இருந்ததை அவன் ஒப்பித்தான். அதைத் தமிழில் அவளிடமே சொல்லச் சொன்னார் அவர்.

"அக்கா... இந்த நெஞ்சு தாங்காதுன்னு பொஸ்தகத்துல இருக்கு. இப்பவே கலைச்சிடணும்னு..."

"பொஸ்தகம் கெடக்கட்டும். நீ பாத்தியா?"

அவன் பார்க்கவில்லை. குழாயை ஓர் இடத்தில் வைத்ததோடு சரி. தேர்வாளரிடம் அனுமதி கேட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். கணுக்காலை அழுத்தி வீக்கம் உண்டா என்று பார்த்தான். முதுகில் குழாயை வைத்து நுரையீரலைக் கேட்டான். மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லி, மூச்சு எப்போது அடங்குகிறது என்று கவனித்தான். மல்லாந்து படுத்தால் தூக்கம் வருகிறதா, முன்பு கர்ப்பம் கலைந்ததுண்டா, அப்போது என்ன வேலை செய்துகொண்டிருந்தாள் என்று விசாரித்தான். இரண்டு தடவையும் கரும்பு வெட்டு, கட்டுத் தூக்கியிருந்தாள்.

கால் வீங்கவில்லை. நுரையீரலில் நீர் இல்லை. முயன்று பார்க்கலாம் என்றான் உதுமான். கட்டுத் தூக்கக் கூடாது, தண்ணீர் சுமக்கக் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும், ஏழாம் மாதத்திலிருந்து ஆஸ்பத்திரியில் படுக்கை.

"நிச்சயமாகச் சொல்கிறாயா?" என்றார் தேர்வாளர்.

"இல்லை. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பார்த்தால், மோசமாவது முன்னாலேயே தெரிந்துவிடும்."

தனக்கொடி குறுக்கே புகுந்தாள். "இதெல்லாம் சரிப்பா. எங்க மாமியாகிட்ட யாரு சொல்றது?"

அவன் மொழிபெயர்த்ததும் மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். "நீதான் போய்ச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு மார்க்கைப் பற்றிப் பேசுவோம்" என்றார் தலைமைத் தேர்வாளர்.

ஞாயிற்றுக்கிழமை உதுமான் வில்லியனூரிலிருந்து உறுவையாற்றுக்கு நடந்து போனான். மாமியார் கலியம்மாள் வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"கனி பாய் மவன்தானே நீ? உங்கப்பன் கடைப் புளியில பாதி கொட்டைடா."

"அதுக்கு நான் பொறுப்பில்லீங்கம்மா."

வந்த விஷயத்தைச் சொன்னான். கலியம்மாள் நெல்லைக் கிளறுவதை நிறுத்தினாள்.

"வருசா வருசம் கூப்ட்டுக் குழாய வச்சீங்களே, ரெண்டு போச்சே, கட்டுத் தூக்காதேன்னு ஒருத்தராவது சொன்னீங்களா?"

"சொல்லலீங்க. கேட்டாத்தானே தெரியும். யாரும் கேக்கல."

அதற்கு மேல் கலியம்மாள் திட்டவில்லை, கேள்வி கேட்டாள். உப்பு எவ்வளவு போடலாம்? ஊறுகாய் ஆகுமா? ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் படுக்கலாமா? மூச்சு எப்படி வாங்கினால் வண்டி கட்ட வேண்டும்? தெரிந்ததற்குப் பதில் சொன்னான். ஊறுகாயைப் பற்றி விசாரித்துச் சொல்வதாகச் சொன்னான். அப்போதுதான் சேதி தெரிந்து திகைத்து நின்ற மகன் அரங்கநாதனைப் பார்த்துக் கலியம்மாள் கத்தினாள்:

"இன்னாடா மரமாட்டம் நிக்கிற? இந்த வருசம் வெட்டுக்கு ரெண்டு ஆளைச் சேத்துப் புடி."

உதுமான் தேறினான். பதினைந்து நாளுக்கு ஒரு முறை உறுவையாற்றுக்கு வந்து போனான். சித்திரையில் தனக்கொடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். துணைக்குக் கலியம்மாள் போனாள். ஆனியில் பெண் குழந்தை பிறந்தது. தாயை மேலும் ஒரு மாதம் வார்டிலேயே வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.