எல்லாமே நல்லாத்தான் இருக்கு

வெரேதியானா இருபத்திரண்டு வருடமாகப் பிரெஞ்சில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். கீவு என்ற ஏரியின் கரையில் இருந்த அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கணக்கு வகுப்புக்கு ஓடி வருவார்கள். திடீரென்று ஒருநாள் மேலிடத்து உத்தரவு வந்தது: இனி எல்லாப் பாடமும் இங்கிலீஷில்தான். வாய்மொழித் தேர்வில் தேறாதவர்கள் வகுப்பை விட்டுவிட்டுப் புத்தக அறையில் தூசி தட்ட வேண்டியதுதான். நாற்பத்தெட்டு வயதில் புது மொழி படிப்பதென்றால் சும்மாவா?

அவள் அசரவில்லை. இங்கிலீஷ் இலக்கணத்தை உருப்போட ஆரம்பித்தாள். 'என்ஜாய்' வந்தால் அடுத்த வினைக்கு 'இங்' என்று வால் வைக்க வேண்டும். 'டயர்ட் ஆஃப்' வந்தாலும் அதே வால். பீன்ஸ் விதைக்க நிலம் கொத்தும்போதும் வாய் ஓயவில்லை.

"நீ கொத்துறது மண்ணையா, இங்கிலீஷையா?" என்றான் கணவன் அனஸ்தாஸ்.

"ரெண்டும் ஒரே கல்லாத்தான் இருக்கு. பேசாம விதையைப் போடுங்க."

தேர்வு நடத்தத் தலைநகரிலிருந்து பார்னபே என்ற அதிகாரி வந்தார். பிடித்த வேலைகளைச் சொல்லச் சொன்னார். பாடம் நடத்துவது, பாடுவது, ஏரிக்கரையில் நடப்பது என்று இங்கிலீஷில் பொழிந்து தள்ளினாள். ஒரு வால்கூடத் தவறவில்லை.

"சரி, பிடிக்காததைச் சொல்லுங்க."

அங்கேதான் சிக்கல். அந்த மலைப்பக்கத்தில் வெளியூர்க்காரர் முன்னால் குறை சொல்வது அநாகரிகம். கூரை ஒழுகினாலும் சிரித்துக்கொண்டே நலம் என்பார்கள்.

"அப்படி எதுவும் இல்லீங்க சார். எல்லாமே நல்லாத்தான் இருக்கு."

"டீச்சர், பாதி மார்க் இதுலதான். வாயைத் திறக்கலைன்னா பூஜ்யம்தான் போடணும்."

"மழைகூட நல்லாப் பெய்யுது சார்."

அவர் பெருமூச்சு விட்டார். "அப்ப புத்தக அறையில உக்காந்திருக்கறதும் பிடிச்சிரும்."

அதைக் கேட்டதும் அவள் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. இங்கிலீஷிலேயே வெடித்தாள்.

"பிடிக்காது! இந்தத் தேர்வுக்கு உக்கார்றதே பிடிக்கல! விடியறதுக்கு முந்தி எந்திரிச்சு மனப்பாடம் பண்ணி அலுத்துப்போச்சு! என் பிள்ளைங்க முன்னால திக்கறது வெக்கமா இருக்கு! அவங்கள விட்டுப் போறத நெனச்சாலே பயமா இருக்கு! நீங்க பேனாவைத் தட்டிக்கிட்டே இருக்கறது சகிக்கல!"

அத்தனைக்கும் வால் சரியாக இருந்தது. சொல்லி முடித்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பார்னபே பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"முழு மார்க். திங்கட்கிழமை வகுப்புக்குப் போங்க, டீச்சர். காலையிலேருந்து ஏழு பேர் வந்தாங்க. ஏழு பேருக்கும் எல்லாம் நல்லாத்தான் இருக்காம்!"

வெரேதியானாவுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. வெளியே வந்தாள். முறைக்குக் காத்திருந்த ஆசிரியர்கள் முகம் வெளிறி நின்றார்கள். தேர்விலே தோற்ற ஏழு பேரும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன் எல்லாரும் இப்படி நிக்கறீங்க?" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மரியாதையை வாசல்லயே கழட்டி வெச்சுட்டு, உள்ள போய் அந்த ஆளை நல்லாத் திட்டுங்க!"