இருநூற்றுப் பதினேழு பிள்ளை பெற்றவள்

ஸ்கேலைக் கணினித் திரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூக்கு இடிக்கும் தூரத்துக்குக் குனிந்து, திருத்தக்கா ஒரு வரியை மூன்றாம் முறையாகப் படிக்கிறார். முதல் முறை எழுத்துக்கு, இரண்டாம் முறை எண்ணுக்கு. மூன்றாவது, "சும்மா, ஒரு சந்தேகத்துக்கு." நூலகத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலை ஒட்டிய மூன்றாவது கணினி அவருடையது. ஞாயிறு நீங்கலாக எல்லா நாளும் ஒன்பது முதல் ஆறு வரை அங்கே இருப்பார். சம்பளம் கிடையாது. தொலைபேசி நிலையத்தில் முப்பத்து நான்கு ஆண்டு இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ராங் நம்பருக்கு இணைப்புப் போனதே இல்லையா என்று கேட்டால், "ரெண்டு தடவ போச்சு. ரெண்டும் கேட்டவங்க தப்பு" என்பார்.

பழைய பிறப்புப் பதிவேடுகளை யாரோ படம் பிடித்தார்கள். வேறு யாரோ அந்தப் படங்களைப் பார்த்துப் பெயர்களைத் தட்டிப் பட்டியல் ஆக்கினார்கள். முன்னோரைத் தேடுகிறவர்கள் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள்; படத்தைத் திறக்கப் பொறுமை இருப்பதில்லை. படத்துக்கும் பட்டியலுக்கும் நடுவில் நடந்த விபத்துகளைச் சரிசெய்வது திருத்தக்காவின் வேலை; அந்தப் பெயரும் அதனால் வந்ததுதான். கதவிலக்கத்தை வயது என்று போட்டதால் இருநூற்றுப் பதினான்கு வயதில் தகப்பனான ஒருவரை முப்பதுக்கு இறக்கியிருக்கிறார். தகப்பனுக்கு முன்பே பிறந்துவிட்ட மகனைத் தள்ளிப் பிறக்க வைத்திருக்கிறார்.

"நான் யாருக்கும் உயிர் குடுக்கல, யார் உயிரையும் எடுக்கல. கட்டம் மாறி உக்காந்தவங்கள எழுப்பி அவங்க எடத்துல உக்கார வைக்கிறேன், அவ்ளோதான்."

மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு வரும் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். "என்னக் கட்டிக்கிறப்பவே மூணு தடவ பாத்துட்டுத்தான் சரின்னா" என்கிறார். "மூணாவது தடவதான் கொஞ்சம் யோசிச்சேன்" என்கிறார் திருத்தக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்த ஆண்டு அவர் கையில் வந்து விழுந்தது ஒரு மருத்துவச்சி. அவள் பேட்டையின் பிறப்புப் பதிவேட்டில் தாயின் பெயருக்கு ஒரு கட்டம், பிரசவம் பார்த்தவர் பெயருக்கு அடுத்த கட்டம். தாய்க் கட்டத்து மை வெளுத்துப்போயிருந்தது. பட்டியல் போட்ட புண்ணியவான் பக்கத்துக் கட்டத்துப் பெயரைத் தாய் என்று எழுதிக்கொண்டே போய்விட்டார். அந்தப் பேட்டை மருத்துவச்சி அப்படித்தான் இருநூற்றுப் பதினேழு பிள்ளைகளுக்குத் தாயானாள். ஒரே வாரத்தில் ஐந்து பேர். ஒரே நாளில், இரண்டு தெருக்களில், இரண்டு பேர்.

இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாறாக, அவள் பெயரில் வம்சாவளிச் சங்கம் ஒன்று வந்துவிட்டது. எண்பத்து மூன்று உறுப்பினர்கள். மாதம் ஒரு முறை கூடி, படுக்கை விரிப்பு அளவுக்கு ஒரு வம்ச வரைபடத்தை விரித்து, சித்தப்பா, பெரியம்மா, மச்சான் என்று முறைவைத்துக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். தலைவர் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். திருத்தம் ஆரம்பித்த செய்தி கேட்டு நேரில் வந்தார்.

"ஒரு பொம்பள இருநூத்திப் பதினேழு பெத்திருக்க முடியுமா, சொல்லுங்க" என்றார் திருத்தக்கா.

"அந்தக் காலத்து உடம்புங்க."

"நூத்தி அறுபது அப்பா இருக்காங்களே."

தலைவர் சற்று யோசித்தார். "அந்தக் காலத்துல அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க."

பிறகு, திருத்தக்காவின் பார்வையில்தான் கோளாறு என்று சொல்லி, பையிலிருந்து கண் சோதிக்கும் எழுத்துப் பலகையை எடுத்துத் தூரத்தில் நின்று பிடித்தார். திருத்தக்கா கடைசி வரி வரை படித்துவிட்டு, "அடியில அச்சகத்து போன் நம்பர்ல ஒரு எண் குறையுது, பாத்துக்கோங்க" என்றார்.

வழக்கமாக ஒரு நாளைக்கு நான்கு பதிவு. அதற்குமேல் கண்ணை நம்பமாட்டார். நூற்று எண்பத்தேழு வரை முடித்த மாலையில் ஒரு ஜோடி வந்து நின்றது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண்; லிஃப்ட் பழுதுபார்க்கும் பையன். சங்கக் கூட்டத்தில் சந்தித்தவர்கள். வரைபடத்தின்படி அவள் அவனுக்குச் சித்தி.

"என்னவிட ரெண்டு வயசு சின்னவ, மேடம். போன வருஷம் பூரா 'டீ எடுத்துக்கோங்க சித்தி'ன்னுதான் பேசிட்டிருந்தேன்" என்றான் பையன். "எங்கம்மா, தங்கச்சிய மருமகளா கூட்டிட்டு வரமாட்டேங்கறாங்க. பட்டியல்ல மாறினா நாளைக்கே வந்து பேசறேன்னாங்க."

"நாளான்னைக்குக் காலையில எனக்கு வேற ஊருக்கு ரயில்" என்றாள் பெண். "மாத்தல். போனா மூணு வருஷம். கல்யாணம்னு சொன்னா இங்கயே விட்டுடுவாங்க. இவரோட கொள்ளுத்தாத்தா நூத்தி எம்பத்தெட்டாவது பதிவு, எங்க தாத்தா இருநூத்தி மூணு. எங்க தாத்தாவ மட்டும் முன்னாடி பாத்துடுங்களேன்."

"மாட்டேன். வரிசையத் தாண்டினா நடுவுல ஒருத்தர் விட்டுப்போவாங்க. விட்டுப்போனவங்க எழுந்து வந்தா கேக்கப் போறாங்க?" அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வரிசைய மாத்த மாட்டேன். வேகத்த மாத்திக்கறேன். காலையில வாங்க" என்றார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு ஜோடி வந்தது. தலைவரும் வந்து, ஆட்சேபம் தெரிவிப்பதற்காக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நூற்று எண்பத்தெட்டு. திருத்தக்கா படத்தைப் பெரிதாக்கினார், நிறத்தைத் தலைகீழாக்கினார், ஸ்கேலை வைத்தார். மூன்று முறை படித்தார். நான்காவது முறையும் படித்தார்.

"தாய் பேரு, மருத்துவச்சி பேருதான். இது நெசமாவே அவங்க பிள்ள."

பையன் வெளுத்துப்போனான். "அப்போ நாங்க ரெண்டு பேரும்..."

"நீ நிஜம். உங்க சித்தி இன்னும் தெரியல. பதறாத."

தலைவர் மெதுவாக எழுந்தார். முப்பது ஆண்டு கடையில் நின்று பழகிய பணிவோடு, தன் நாற்காலியைப் பையன் பக்கம் தள்ளினார். "இதுவரைக்கும் நெசமான வாரிசு நீங்க ஒருத்தர்தான். தலைவர் உக்காரணும்."

அடுத்த கட்டத்தில், பிரசவம் பார்த்தவர் என்ற இடத்திலும் அதே பெயர் இருந்தது. பட்டியலில் அந்தக் கட்டம் காலி. திருத்தக்கா பெயரைத் தட்டினார். "பெத்ததும் அவங்க, பிரசவம் பாத்துக்கிட்டதும் அவங்க. பக்கத்துல ஒருத்தரும் இல்ல" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார். பிறகு அடுத்த வரிக்குப் போனார்.

மதியச் சாப்பாடு தூக்கிலேயே ஆறிற்று. ஐந்தே கால் மணிக்கு இருநூற்று மூன்று. தாய்க் கட்டத்தில், மங்கலாக ஆனால் முழுசாக, முற்றிலும் வேறொரு பெண்ணின் பெயர். அதைத் தட்டிச் சேமித்ததும் பையன் அம்மாவுக்குப் போன் போட்டான். பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டே காத்திருந்த அம்மாவின் குரல் எல்லோருக்கும் கேட்டது: "பாத்துட்டேன்டா. அவங்க வீட்டுல எத்தன மணிக்கு வரலாம்னு கேளு."

"வாங்க சித்தி, போலாம்" என்றான் பையன், பழக்க தோஷத்தில். கைப்பையால் முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டான். தலைவரும் அவர்கள் பின்னாலேயே படியிறங்கினார், புதுத் தலைவரிடம் வரைபடத்தை ஒப்படைப்பது பற்றிப் பேசிக்கொண்டு.

மூடுவதற்கு அரைமணி இருந்தது. இருநூற்று நான்காவது பதிவைத் திறக்கவேண்டிய திருத்தக்கா, பட்டியலை மேலே உருட்டி நூற்று எண்பத்தெட்டுக்குத் திரும்பினார். அதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு கட்டத்திலும் ஒரே பெயர், பக்கத்தில் பக்கத்தில்.

"கிளம்பலாமா?" வீட்டுக்காரர் தூக்கை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

திருத்தக்கா திரும்பாமல், இருங்க என்று கையை மட்டும் காட்டினார். நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு, நூலக மணி அடிக்கும்வரை அந்தப் பக்கத்தருகே உட்கார்ந்திருந்தார்.